யோசப்பின் சொன்ன நன்றி

சைக்கிள் டைனமோவில் கசெற் கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும், சுவாமி. மெதுவாக மிதித்தால் பேசுகிறவர் கிணற்றுக்குள் இருந்து முனகுவார். வேகமாக மிதித்தால் கோழிபோலக் கொக்கரிப்பார். ஒரே சீராக மிதிக்கத் தெரிந்தவன் எங்கள் பங்கில் சந்தியோகு ஒருவன்தான். கடலில் இறங்கத் தடை போட்ட காலத்தில் அவனுக்கு வேறு தொழிலும் இருக்கவில்லை.

நடந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன், எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. ஆனால் இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவம் என்று எனக்குப் பட்டிருந்தால் நானே வந்து உங்கள் முன் முழங்காலில் நின்றிருப்பேன். நீங்கள் இந்தப் பங்குக்குப் புதியவர். விளங்காததை விளங்கப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரின் கோயில் எங்களைச் சகோதரப் பங்காக ஏற்றுக்கொண்டது எண்பத்தொன்பதில். அங்கே இருக்கும் எங்கள் ஊர்க் கன்னியாஸ்திரி ஒருவர் செய்துவிட்ட உதவி அது. பால்மா, மருந்து, சவர்க்காரம், உடுப்பு என்று பெட்டி பெட்டியாக வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் சனத்தின் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அங்கேதான் முதல் பிழை நடந்தது.

படம் எடுக்கிறதென்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? பெண்கள் கலியாணக் கூறையைப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்கள். நகை இல்லாதவர்கள் இரவல் சங்கிலி போட்டிருந்தார்கள். ஓலைக் குடிசையில் இருந்த செபமாலை என்பவர், அச்சுவேலிச் சந்தையில் தெரிந்த ஒருவரிடம் கோட்டு இரவல் வாங்கி, வேர்க்க விறுவிறுக்க முன்வரிசையில் நின்றார். படத்தைப் பார்த்த அயர்லாந்துச் சுவாமியார் மிகவும் சந்தோஷப்பட்டார். எங்களைவிட நீங்கள் அழகாக உடுத்தியிருக்கிறீர்கள், கடவுளுக்குத் தோத்திரம் என்று சொல்லி அனுப்பினார். அந்த முறை பெட்டி வரவில்லை, வாழ்த்துத்தான் வந்தது.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது. கோயில் வளவுக்குப் பக்கத்தில் விழுந்த குண்டில் சந்தியோகுவின் மனைவி செத்துப்போனாள். ஒரே மகள் யோசப்பினுக்கு வலக்கண் போய்விட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை. அயர்லாந்துக்கு அனுப்ப அவளைப் படம் எடுத்தோம். தகப்பன் அவளுக்கு நல்ல சட்டையொன்று போட்டுக் கூட்டிவந்திருந்தான். போய் வீட்டுச் சட்டையோடு வரச் சொன்னேன். கண்ணில் இருந்த கட்டை அவிழ்க்கச் சொன்னதும் நான்தான். பகல் வெளிச்சம், படம் துலக்கமாக விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த பெட்டிகளை வைக்க அறைவீட்டில் இடம் போதவில்லை. நீங்கள் இப்போது குடியிருக்கும் உங்கள் அறைவீட்டைத்தான் சொல்கிறேன். பொருளாதாரத் தடை, சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் நாடே அலைந்த நேரம். எங்கள் பங்கில் ஒரு பிள்ளைகூடப் பாலில்லாமல் அழவில்லை. பங்கீடு செய்தது நான். எனக்கென்று ஒரு பால்மாப் பக்கெற்றுக்கூட எடுத்ததில்லை, யாரையும் கேட்டுப் பாருங்கள். நான் வந்தால் சனம் எழும்பி நிற்கும். அதை நான் கேட்டு வாங்கவில்லை.

தடை வந்த பிறகு அவர்கள் கசெற்றில் பேசி அனுப்பத் தொடங்கினார்கள். உங்களுக்கு முன்னிருந்த சுவாமியாருக்கு மூன்று கோயில்கள். பூசை முடிந்த கையோடு அடுத்த கோயிலுக்குப் போய்விடுவார். சனம் மட்டும் இருந்து கசெற் கேட்கும், நான் தமிழில் சொல்லுவேன். பற்றரி கிடையாது. சந்தியோகு பீடத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு மிதிப்பான். அயர்லாந்து ஆங்கிலமும் டைனமோவும் சேர்ந்தால் எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கும், மற்றவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது?

தொண்ணூற்றிரண்டு கடைசியில் அந்தக் கசெற் வந்தது. அவர்களுடைய பங்கிலேயே ஒரு கண் வைத்தியர் இருக்கிறாராம். யோசப்பினின் மற்றக் கண்ணும் மங்குகிறது என்று நான் முன்பு சொல்லியனுப்பியதைக் கேட்டிருக்கிறார். ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் அந்தக் கண்ணைக் காப்பாற்றலாமாம். பிள்ளையையும் தகப்பனையும் கொழும்புக்கு அனுப்பிவைத்தால் மிச்சம் எல்லாம் தங்கள் பொறுப்பு என்றார்கள்.

நான் அவசரப்படவில்லை, சுவாமி. கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி இன்னொரு முறை கேட்டேன். சந்தியோகு இன்னொரு முறை மிதித்தான்.

அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலால் வள்ளத்தில் போகவேண்டும். வள்ளத்தில் போனவர்கள் நேவியின் சூட்டில் செத்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு உயிர்களை அந்தக் கடலுக்கு அனுப்பவில்லை, இதையும் நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் என்ன நடக்கும்? பிள்ளை கண்ணாடி போட்டு, கன்னம் சதைபோட்டு, சிரித்துக்கொண்டு நிற்பாள். அந்தப் படத்தையும் எடுப்பார்கள். கூறைச் சேலைப் படத்துக்குப் பிறகு நடந்தது எனக்கு மறக்கவில்லை.

சந்தியோகு மிதித்த களைப்போடு கேட்டான். "மாஸ்டர், உவர் என்ரை பிள்ளையின்ரை பேரையெல்லே சொல்லுறார்? என்னவாம்?"

"ஓம் சந்தியோகு. ஒவ்வொரு ஞாயிறும் பூசையிலை பிள்ளைக்காக மன்றாடுகினமாம்."

அவன் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தான். "எங்களைக் கண்ணாலையும் காணாத சனம். பாருங்கோவன் மாஸ்டர், எவ்வளவு நல்ல மனம்." சனமும் ஓம் ஓம் என்றது. யோசப்பின் பெண்கள் பக்கத்தில் முன்னுக்கு இருந்தாள். தன் பெயர் வந்ததில் அவளுக்கு வெட்கம்.

பதில் அனுப்பவேண்டும். நான் பேசி அனுப்பினால் அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். தகப்பனோடு கதையுங்கள், ஆயரோடு கதையுங்கள் என்று விடமாட்டார்கள். பிள்ளையின் வாயால் வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. எனவே யோசப்பினை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அவைக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டாமோ, பிள்ளை?"

"எனக்கு இங்கிலீசு வராதே, மாஸ்டர்."

"நான் சொல்லித் தாறன்."

ஒரு கிழமையாகப் பின்னேரங்களில் வந்து படித்தாள். சொல்லச் சொல்லச் சொன்னாள், ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை. பாடமானதும் அறைவீட்டில் வைத்துப் பதிவு செய்தோம், சந்தியோகுதான் மிதித்தான். "நான் உங்களிடம் வர விரும்பவில்லை. என் சனத்தோடு இருந்து கஷ்டப்படுவதே கடவுளின் சித்தம். தயவுசெய்து இதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம். எனக்காகச் செபியுங்கள்." இதைத்தான் அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வடிவாச் சொன்னனானே, மாஸ்டர்? அவைக்கு விளங்குமே?"

"நல்லா விளங்கும்."

அங்கே அதைப் பூசையில் போட்டார்களாம், கோயில் முழுக்க அழுததாம். அடுத்த கப்பலில் வந்த பெட்டிகளை இறக்க மாட்டுவண்டி பிடிக்கவேண்டியிருந்தது. யோசப்பினுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அடுத்த பெருவிழாவில் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு நற்கருணை வாங்க வந்தாள். எனக்கு மனம் தாங்கவில்லை, தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். அன்றைக்கு எடுத்த படத்துக்கும் நல்ல பலன் இருந்தது.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் சண்டை ஓய்ந்த இடைவெளியில் அயர்லாந்துச் சுவாமியார் நேரில் வந்தார். யோசப்பினின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏனம்மா எங்களிடம் வரமாட்டேன் என்றாய் என்று கேட்டார். நீங்கள்தான் தமிழில் சொன்னீர்கள். அவள் திகைத்துப்போய், "நான் நன்றியெல்லோ சொன்னனான்" என்றாள். நம்பமாட்டீர்களோ என்று பயந்து, அந்த வசனங்களை மறுபடி ஒருக்கால் சொல்லிக் காட்டினாள். வந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சந்தியோகு அன்றைக்கே உங்களிடமும் என்னிடமும் அந்த வசனங்களின் அர்த்தத்தைக் கேட்டறிந்துகொண்டான், அதன் பிறகு என்னோடு கதைப்பதில்லை. அவனை நான் நன்றி கெட்டவன் என்று சொல்லமாட்டேன், அது அவனுடைய துக்கம்.

ஆம், அந்தப் பிள்ளையின் கண்ணைப் போகவிட்டவன் நான்தான். தெரிந்துதான் விட்டேன். கையெழுத்து வேண்டுமென்றால் கீழே போடுகிறேன். ஒன்று மட்டும் எனக்குக் கவலை. அவ்வளவு பேர் நின்றும் ஒருவர்கூட அவளுடைய உச்சரிப்பைக் கவனிக்கவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகும் ஒரு சொல் பிசகவில்லை, சுவாமி. என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகளில் இவ்வளவு சுத்தமாகச் சொன்னவள் வேறு யாருமில்லை.