யாரும் கை கொடுக்க வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் பாக்கியசீலன் ஐயா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோரே, என் பிள்ளைகளே!

இயன்முறைப் பயிற்சியாளர் ஞானசௌந்தரி அம்மையார் மறைந்துவிட்டார். இந்தச் சிறப்புப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் கால்களுக்காக உழைத்தவர். பிறவியிலேயே தசை தளர்ந்த கால்கள்தான். பழக்கினால் பலம் வரும், தடுமாற்றம் குறையும் என்று நம்பியவர். நம்பியவர் மட்டுமா? செய்து காட்டியவர்!

அவர் வகுப்பில் ஒரு சொல்லுக்குத் தடை. "பைய." எழுந்தால் பைய, நடந்தால் பைய, எல்லாமே மெதுவாக என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டோம் என்பார். அந்தச் சொல்லைச் சொன்னவர், கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். ஒருநாள் தாளாளர் ஐயா வாய்தவறிச் சொல்லிவிட்டு, ஆறாவது முறையில் சுவரைப் பிடித்தார். "ஸ்டெபி பதினஞ்சு எந்திச்சிட்டா ஐயா. நீங்க பைய வாங்க" என்றார் அம்மையார். சொன்ன குற்றத்துக்குத் தானும் பத்து முறை எழுந்தார்.

அம்மையாரின் மாணவியான அந்த ஸ்டெபி பாபநாசம் பேருந்தில் தானே ஏறி இறங்கியவள். ஒருநாள் பயிற்சிப் படியில் விழுந்தாள். உதட்டில் இரண்டு தையல். அவளைப் பெற்ற செல்வமணி அக்கா கோபப்படவில்லை. நாம்தான் பயந்தோம். பள்ளி நிர்வாகக் குழு கூடியது. 'பாதுகாப்புக் கருதிப் பயிற்சி நிறுத்தப்படுகிறது.' அந்த வரியை எழுதியது யார்? செயலாளராகிய நான். அம்மையார் என் மேசைக்கு வந்தார். "விழுந்த பிள்ள எந்திச்சி மறுபடி ஏறுனாளே, அதையும் எழுதினியா தாயி?"

நான் எழுதவில்லை.

மூன்று ஆண்டுகள் பாதுகாப்பாக உட்கார வைத்தோம். நேற்று அம்மையாரின் அடக்க ஆராதனைக்குத் தேவாலயத்தில் ஏற வேண்டியவை ஐந்தே படிகள். முன்னால் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். பின்னால், நாற்காலியோடு, இருபத்தாறு வயது ஸ்டெபியைத் தூக்கிப் போனார்கள். பார்த்தீர்களா? பார்த்தும் அழுதது அம்மையாருக்காக மட்டும்தானா?

இன்று அவரைத் தியாகச் சுடர் என்கிறோம். உயிரோடு இருந்தபோது அவர் கேட்டது தினம் ஒரு மணி நேரம், மூன்று மரப்படிகள். கொடுத்தோமா?

அந்தத் தீர்மானத்தை இன்று காலை நானே கோடிட்டு அடித்துவிட்டேன். தாளாளர் ஐயா அதன் கீழே கையெழுத்திட வேண்டும். இடாவிட்டாலும் நாளை பத்து மணிக்கு வகுப்பு நடக்கும். அம்மையார் எழுதிவைத்த முறைப்படி, புதிய பயிற்சியாளர் வரும்வரை நான் பக்கத்தில் நிற்பேன்.

இப்போது எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவது வழக்கம். நாம் முதலில் எழ வேண்டாம். ஸ்டெபி முன்வரிசையில் இருக்கிறாள். செல்வமணி அக்கா, அவள் தோளிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி, அவள் நின்ற பிறகு நாம் நிற்போம்.