அம்முவின் கிருத்திகை விரதம்

மார்கிட்டுக்குக் கையால் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அங்கிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும். அவசரம் ஒன்றுமில்லை ஐயா, மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சோறு அள்ளத் தெரியாது. உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டு, முழங்கை வரைக்கும் ரசத்தை வழியவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மார்கிட்டுக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. விரல் நுனியில் எடு, கட்டை விரலால் வாய்க்குள் தள்ளு என்று ஒரு தடவைதான் காட்டினேன். தமிழும் என்னிடம்தான் கற்றாள். மெட்ராஸில் ஏதோ ஆபீசில் போய் "இன்னா சார், லேட்டாகுமா? பஸ்ஸுக்கு டைம் ஆவுது" என்று கேட்டாளாம். அங்கே இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

என் பெயர் கன்னியம்மாள். ஆர்.கே.பேட்டை. வயது நாற்பத்தாறு. பிள்ளை இல்லை என்று என் வீட்டுக்காரர் இன்னொருத்தியைக் கூட்டிவந்த பிறகு, தணிகை இல்லத்துக்குச் சமையலுக்கு வந்தேன். ஒன்பது வருஷம் ஆகிறது. கே.ஜி.கண்டிகை போகிற சாலையில் ஓட்டுக் கட்டடம், நீங்களே பார்த்திருப்பீர்கள். டென்மார்க் என்கிற தேசத்தில் இருக்கிற ஒரு சங்கம் நடத்துகிறது. உடம்பு வளர்ந்தும் புத்தி வளராத ஏழு பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலை நரைத்திருந்தாலும் நாங்கள் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம். சமைக்கிறவள், கணக்கு எழுதுகிற நாகேந்திரன், பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருகிறவர்கள், எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான்.

அந்தத் தேசத்திலிருந்து வருஷத்துக்கு ஓர் ஆள் வரும். இருபது வயது, இருபத்தொரு வயது. முதல் மாதம் வயிற்றுப்போக்கு, இரண்டாம் மாதம் அழுகை. மூன்றாம் மாதம் பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் கொசுவலை கட்டவும் கற்றுக்கொள்வார்கள். பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டுவிடும். பன்னிரண்டாம் மாதம் பெட்டி கட்டிவிடுவார்கள். அப்புறம் மூன்று கடிதம் வரும், நான்காவது வராது. வாசலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற ஏழு பேருக்கும் வாயில் ஊட்டுகிற வேலை எனக்கு. மார்கிட்டுக்கு முன்னால் இப்படி எட்டுப் பேரை அனுப்பிவைத்திருக்கிறேன்.

மார்கிட் போன வருஷம் மாசியில் வந்தாள். நான்காம் மாதம் மஞ்சள்காமாலை கண்டு படுத்தாள். இருபத்தொரு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, மோர்ச்சோறு கரைத்து ஊட்டி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு ஊரில் தாய் இருக்கிறாள். இருந்து என்ன, வந்தாளா? ஒரு தந்தி வந்தது. உடம்பு தேறி எழுந்த அன்றைக்கு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாங்காட்டி நான் செத்துப் போயிருப்பேம்மா" என்றாள். அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிச் சொல்லிக் கட்டிக்கொண்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அம்மு. அம்மையார்குப்பத்துக் கைத்தறிக்காரர் கண்ணையனின் மகள். பதினெட்டு வயது, பேச்சு நாலு வயசுப் பிள்ளை பேச்சு. வலிப்பு வேறு. வலிப்பு வந்து அடுப்பில் விழுந்துவிடுவாள் என்று, பழைய புடவையைக் கிழித்து அவள் கணுக்காலைத் தறிமரத்தோடு கட்டிவைத்திருந்தார் அவர். கெட்டவர் இல்லை. தாயில்லாப் பிள்ளை, அவர் தறியில் உட்கார்ந்தால் பார்க்க ஆள் இல்லை. எங்களிடம் வந்தபோது அந்தக் காலில் முடி முளைக்காத ஒரு வளையம் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, "நைனா கட்னாரு" என்பாள். கோபமாகச் சொல்லமாட்டாள்.

டாக்டர் அவளுக்குக் காலையில் ஒரு மாத்திரை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை எழுதினார். வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்றார். சாப்பாடு என் பொறுப்பு என்பதால் மாத்திரையும் என் பொறுப்பானது. பாயை விட்டு எழுந்ததும் அம்மு என் முன்னால் வந்து வலது உள்ளங்கையை நீட்டுவாள். மாத்திரையை வைப்பேன். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவாள். பதினான்கு மாதம் ஒரு வலிப்புகூட இல்லை. அதை நோட்டில் எழுதுவது மார்கிட்டின் வேலை. தேதி போட்டு, வலிப்பு இல்லை என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூ வரைவாள்.

முதல் தடவை நடந்தது தெரியாமல் நடந்தது. முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நான் மாதக் கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள். முந்தின நாள் பரணியன்று ராத்திரியே சாப்பாட்டை விட்டுவிடுவேன். தைக் கிருத்திகைக்கு அம்முவும் பிடிவாதம் பிடித்தாள்.

"அக்கா, நானும் வெரதம்."

"உனக்கு எதுக்குடி வெரதம்? பசி தாங்குவியா?"

"ஆங். தாங்குவேன்."

சரி, சாமி காரியம் என்று விட்டேன். சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் கொடுக்கவில்லை. பரணி ராத்திரி, கிருத்திகை காலை, ராத்திரி, மூன்று வேளை. மறுநாள் பகலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மு விழுந்தாள். மார்கிட்டுக்குப் பத்து நாளில் பயணம். பெட்டியில் பாதி அடுக்கிவிட்டிருந்தாள். அன்றைக்கு அம்முவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதவள், மறுநாள் மெட்ராஸ் போய் விசாவை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அம்முவுக்கு நல்லாவுற வரைக்கும் நான் போவமாட்டேம்மா" என்றாள். டாக்டர் என்னிடம், மாத்திரை விட்டுப்போனதா என்று கேட்டார். இல்லை என்றேன். பயத்தில் சொன்னதுதான். அப்புறம் அலமாரியில் பார்த்தால் பொட்டலத்தில் மூன்று மாத்திரை மிச்சம். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

சங்கத்தின் விதி ஒன்று உண்டு. அவர்கள் தேசத்து ஆள் ஒருவர் இல்லத்தில் தங்கியிருக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் பணம் நிற்கும், இல்லத்தை மூடிவிடுவார்கள். மார்கிட்டுக்குப் பிறகு வர யாரும் சம்மதிக்கவில்லை என்று மாசியில் கடிதம் வந்தது. நாகேந்திரன்தான் படித்துச் சொன்னான். மூடினால் ஏழு பேரும் எங்கே போவார்கள்? அம்மு மறுபடியும் தறிமரத்துக்குப் போவாள். என்றைக்காவது ஒரு நாள் விழுந்து எழுவது பெரிதா, ஆயுசு முழுக்கக் கட்டிக் கிடப்பது பெரிதா? நீங்களே யோசித்துப் பாருங்கள் ஐயா. நான் யோசித்தேன்.

வைகாசியில் மார்கிட் மறுபடியும் பயணத் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்த மாதக் கிருத்திகைக்கு அம்முவை நானே அழைத்தேன். அவளுக்குக் கொண்டாட்டம். மார்கிட்டுக்கும் சந்தோஷம், தானும் விரதம் இருந்து, அதைப் பற்றித் தாய்க்கு நாலு பக்கம் எழுதினாள். பரணி ராத்திரி எல்லாரும் பாயை விட்டு எழுந்ததும், அம்மு வழக்கம்போல வந்து கையை நீட்டினாள். சாப்பிடவில்லை என்பது அவளுக்குக் கணக்கில்லை. எல்லாரும் எழுந்தால் கை நீட்ட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை. ஒரு சிட்டிகை விபூதி வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, நாக்கை நீட்டிக் காட்டினாள். வெள்ளையாக இருந்தது.

இந்தத் தடவை விழுந்ததில் முன்பல் ஒன்று பாதி உடைந்தது. மார்கிட் ஆடி கடைசி வரைக்கும் இருப்பதாகச் சொன்னாள். நான் அம்முவுக்கு ஒரு வாரம் கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தேன். அவளை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். இல்லத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஆடியில் நிலைமை வேறு. மார்கிட்டுக்கு ஊரில் நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. கப்பல் இல்லை, விமானம், டிக்கெட்டே வந்துவிட்டது. "இனிமே மாத்த முடியாதும்மா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள். ராத்திரி தூக்கம் கிடையாது. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதுகூடத் தெரியாது. இந்த முறை ஒரு வலிப்பு போதாது என்று தோன்றியது. கொஞ்சம் பலமாக வந்தால்தான் அவள் நிற்பாள்.

அதனால் அம்முவுக்காக மொட்டை வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்கு ஐந்து நாள் விரதம், பால் பழம் மட்டும். பாலும் பழமும் சாப்பாட்டில் சேராது, ஆகவே மாத்திரையும் இல்லை. அந்த ஐந்து நாளுக்கான பத்து மாத்திரைகளையும் முன்னாலேயே எடுத்து, பொட்டலத்தில் விடாமல் என் முந்தானையில் முடிந்துகொண்டேன். மிச்சம் இருந்தால் மார்கிட் பார்த்துவிடுவாள். காலையும் ராத்திரியும் விபூதி கொடுத்தேன். நான்காம் நாளே அம்முவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நீட்டின கையில் விபூதி நிற்காமல் சிந்தியது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நீங்களும் பந்தோபஸ்தில் இருந்திருப்பீர்கள். ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சரவணப் பொய்கையில் அம்முவுக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, மஞ்சள் புடவை கட்டினோம். மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். மார்கிட் ஒரு கையும் நான் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டு தணிகை மலைப் படியேறினோம். முன்னாலும் பின்னாலும் பூக்காவடிகள்.

பாதி மலை தாண்டியிருப்போம். அம்மு பிடியை உதறிக்கொண்டு விறைத்தாள். கண் மேலே போனது. உடம்பு வெட்டி வெட்டித் துள்ளியது.

"சாமி வந்துகீது! வழி வுடுங்கப்பா!" என்று ஒருத்தர் கத்தினார்.

கூட்டம் சட்டென்று விலகி வட்டம் கட்டிக்கொண்டது. அரோகரா என்று அத்தனை பேரும் குரல் எடுத்தார்கள். மஞ்சள் புடவை, புது மொட்டை, சந்தனம், ஐந்து நாள் விரதம். யாருக்கும் வேறு என்ன தோன்றும்? ஓர் அம்மாள் அவள் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். இன்னொருத்தர் தட்டில் கற்பூரம் ஏற்றினார். பம்பைக்காரன் இன்னும் வேகமாக அடித்தான். ஒன்று நின்று அடுத்தது வந்தது. அது நிற்பதற்குள் இன்னொன்று.

"சாமி இல்ல! வலிப்பு! டாக்டர்கிட்ட தூக்கினு போவணும்!" என்று மார்கிட் கத்தினாள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவளைப் பிடித்துப் பின்னால் நகர்த்தினார்கள். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நீ சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

உண்மைதான். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். கீழே ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர் வந்தால் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்பார். என் முந்தானை முடிச்சு இடுப்பில் கல் மாதிரி உறுத்தியது. நான் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். எல்லாரோடும் சேர்ந்து அரோகரா சொன்னேன். அம்மு அடங்கியபோது சாமி மலையேறிவிட்டது என்று கற்பூரத்தை அணைத்தார்கள். அவள் உதடு நீலமாகியிருந்தது. மார்கிட்தான் முதலில் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

அம்முவைக் கொன்றது நான்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் உடந்தையில்லை. நாகேந்திரனை விட்டுவிடுங்கள்.

காரியம் முடிந்த ஐந்தாம் நாள் மார்கிட் தன் நோட்டையும் அடுக்களையில் இருந்த காலண்டரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று வலிப்புத் தேதி, அம்முவும் விரதம் என்று நான் வட்டம் போட்ட மூன்று கிருத்திகை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "மாத்திரை குடுத்தியாம்மா?" என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். என்னை அடித்திருந்தால்கூட நன்றாயிருக்கும். நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் மறைத்தாலும் நாகேந்திரன் சொல்லிவிடுவான். மார்கிட்டுக்குப் பதிலாக வர ஒரு பெண் சம்மதித்துவிட்டாள் என்று ஆனியிலேயே கடிதம் வந்தது. கண்ணாடி போட்ட பெண். போட்டோவை மார்கிட் என் கையில் கொடுத்து, "பாரும்மா, வீட்ட மூட மாட்டாங்க" என்று குதித்தாள். நானும் நல்லது என்றேன். அந்தப் பெண் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரமே வந்து, என் கையால் சோறும் சாப்பிட்டுவிட்டாள். ஆகவே அந்த ஐந்து நாளும் ஏழு பேருக்காக என்று எழுதினால் அது பொய். இருந்தாலும் வைகாசியில் செய்தது பிள்ளைகளுக்காகத்தான். அப்படித்தான் நினைக்கிறேன்.

வெளியே ஏட்டையா பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கேஸில் மார்கிட்தான் முக்கியமான சாட்சி, விசாரணை முடிகிற வரைக்கும் அவள் இந்த ஊரை விட்டுப் போக முடியாது, டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துவிட்டீர்கள் என்றார். அப்படியா ஐயா? கோர்ட்டில் அவள் எனக்கு எதிரேதான் நிற்பாளா?

அவளுக்கு மதியத்தில் மோர் இல்லாமல் சோறு இறங்காது. யாரிடமாவது சொல்லி வையுங்கள். இந்த மாதிரிக் கேஸ் எல்லாம் வருஷக்கணக்கில் நடக்கும் என்கிறார்கள். நான் ஏதாவது விட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் மெதுவாகவே எழுதுங்கள்.