பத்தாம் வரிசை உளுந்து

பயற்றின் பாதம் பற்றிப் பாடம் சொன்ன பேராசிரியப் பெருந்தகையே! வானம் பொய்த்த வயலிலும் வேர் வாழும் வழி தேடிய வித்தகியே! ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துப் பயறு ஆய்வுப் பண்ணையில் இருபத்தெட்டு ஆண்டுகள் மண்ணும் கையுமாக நின்று, இன்று பணி நிறைவு பெறும் முனைவர் சித்ரலேகா அம்மையாரே! வணக்கம்.

இது பாராட்டா, மன்னிப்புக் கடிதமா என்று எழுதும் எங்களுக்கே விளங்கவில்லை. தங்கள் முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாததால், பண்ணை உதவியாளர் அகமது மீரானின் கதையாகச் சொல்கிறோம். பொறுத்தருள்க!

மீரானுக்கு மூன்று பருவமாகத் தலை சுற்றியது. மழை படாமல் கூரை போட்டு, குழாயையும் பிடுங்கிவிட்டு, பத்து வரிசை உளுந்தைக் காயவிட்டார்கள். ஒன்பது வரிசைகள் ஈரம் தேடி முழ ஆழத்துக்கும் கீழே வேரை இறக்கின. சாப்பாட்டுக் கொட்டகையை ஒட்டிய பத்தாம் வரிசை மட்டும் மேல்மண்ணிலேயே வேரைப் பரப்பிக்கொண்டு சொகுசாக இருந்தது. விதையை மாற்றினார்கள், மண்ணைச் சோதித்தார்கள். குழப்பம்தான் விளைந்தது.

கடைமடை விவசாயிகளுக்கு எந்த உளுந்தைச் சொல்லலாம் என்ற அறிக்கை, அதனால் முடங்கிப் போனது.

"ஒண்ணு ஒத்துவரலேன்னா ஒம்பதையும் எப்படி நம்புறது மீரான்? அது என் மேசையிலேயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் அம்மையார்.

சென்ற செவ்வாய்க்கிழமை, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும் மீரான் அன்று போகாமல், பத்தாம் வரிசையில் கடைசியாகத் தோண்டிய வேரைச் சல்லடையில் அலசினார். மண் கரைந்ததும், வேர்ச் சிக்கலில் இரண்டு கறிவேப்பிலை ஈர்க்குகளும் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் மிஞ்சின. உளுந்துச் செடியில் ஊறுகாய் காய்க்குமா? திகைத்துப்போய்க் கொட்டகைப் பக்கம் திரும்பினார். அங்கே தட்டச்சர் பாலம்மாள் சாப்பிட்டு முடித்து, டப்பா அலசிய தண்ணீரைச் செடி மூட்டில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யுதீய?"

"தண்ணியச் சும்மா கொட்டக்கூடாதுல்லா! ஆளுக்கு ஒரு டப்பாத் தண்ணிதான அண்ணாச்சி?"

"ஆளுக்கு ஒண்ணுன்னா தெனமும் பன்னெண்டு டப்பாவுல்லா! அதான் அது வேரைக் கீழ எறக்கலை!"

அம்மையாரே! சொன்னால் விழா கெடுமோ, சொல்லாவிட்டால் தங்கள் உழைப்பே கெடுமோ என்று நான்கு நாள் குழம்பினோம். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டோம். வேர் பொய் சொல்லவில்லை. பத்தாம் வரிசையை அடித்துவிட்டு அறிக்கையை அனுப்புங்கள். கண்ணும் காலும் கைவிடாமல், கவலை ஒன்றும் கிட்ட வராமல், நெடுங்காலம் நலமோடு வாழ்க!

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அதை யார் வாசிப்பது என்று இந்த நிமிடம் வரை ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறோம். நம் பன்னிரண்டு டப்பாக்களில் நார்த்தங்காய் வருவது ஒன்றில்தான். அது தங்களுடையது.

இங்ஙனம்,
மற்றப் பதினொரு டப்பாக்காரர்கள்