பெட்டியில் ஒரே ஒரு குறை

முதலில் ஒரு சின்ன வேண்டுகோள், இன்ஸ்பெக்டர் வேலாயுதம் அவர்களே. உங்கள் மேசைக்குப் பின்னால் ஜன்னலோரம் இருக்கிற அந்தப் பச்சை இரும்புப் பெட்டியை அலமாரிக்குள் மாற்றிவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் அங்கே வெயில் நேராக விழுகிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் 'மேல்' என்று எழுதியிருக்கிறேன், அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். நேற்று யாரோ பெட்டியை நிமிர்த்தி வைத்து அதன்மேல் தேநீர்க் கோப்பையையும் வைத்திருந்தார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயம் தெரியாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"நடந்ததை உங்க கையாலயே எழுதிக் கொடுங்க சார், தமிழ்லயே எழுதலாம்" என்று நல்ல தாளும் பேனாவும் தந்தீர்கள். நன்றி. எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. பெயர் அம்பலவாணர், வயது நாற்பத்தொன்று, திருமணமாகவில்லை. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் தலைமை எழுத்தர். வீடு காத்தோங்கில், செண்பக விநாயகர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து. என் தங்கை சரோஜினியின் வீடு அடுத்த சந்து. அவளுடைய கணவர் பேரின்பநாயகத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் அந்தப் பெட்டியில் தொடங்கினால்தான் எல்லாம் விளங்கும்.

பெட்டிக்குள் இருப்பது கன்சர்டினா. ஆர்மோனியத்தின் கடைக்குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மூலையுள்ள சின்ன வாத்தியம், இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து இழுத்தும் அமுக்கியும் வாசிப்பது. நடுவில் தோல் துருத்தி, இரு பக்கமும் சேர்த்து நாற்பத்தெட்டுப் பொத்தான். உள்ளே உருக்கு நாக்குகள், ஒவ்வொரு நாக்குக்கும் ஒரு மெல்லிய தோல் மூடி. நிமிர்த்தி வைத்தால் அந்தத் தோல் தொங்கிவிடும், சுருதி மந்தமாகும். உப்புக்காற்றோ ஈரமோ பட்டால் நாக்குகளில் துரு ஏறும். அதனால்தான் தேநீர்க் கோப்பையைப் பற்றிச் சொன்னேன்.

உலகச் சண்டைக்கு முன்பு, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் அதை என் அப்பாவுக்குக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதிலிருந்து மூன்று ஸ்வரம் ஒழுங்காக எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஜப்பான்காரன் காலத்தில் எண்ணெய்த் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். பானையில் அரிசி இருந்ததில்லை, ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை. அந்த மூன்றரை வருடமும் எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

1951இல் சரோஜினிக்குத் திருமணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பேரின்பநாயகம் தபால் இலாகாவில் வேலை, கலகலப்பான மனிதர். நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் இருந்த கன்சர்டினாவை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சபையே சிரித்தது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பிடிச்சிருக்கோ தம்பி? அப்ப இதுவும் சீதனத்தோடை சேர்த்தி!" என்றார்.

என்னை யாரும் கேட்கவில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சீதனப் பட்டியலை எழுதும் பொறுப்பு மட்டும் எனக்கு. நகைகள், பாத்திரங்கள், தையல் மெஷின் ஒன்று, கன்சர்டினா ஒன்று. கடைசி வரியையும் மற்ற வரிகளைப் போலவே அழகாகத்தான் எழுதினேன்.

கொடுத்த சீதனத்தைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஆட்களிடம் கிடையாது. ஓர் ஊசியைத் திருப்பிக் கேட்டாலும் அந்தக் குடும்பத்தின் பெயர் கெட்டது கெட்டதுதான். அப்புறம் யாரும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் நியாயமாகத் தெரியும்.

மச்சானை எனக்குப் பிடிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். அவரைப் பிடிக்காதவர் சிங்கப்பூரில் இல்லை. கோயில் திருவிழாவில் அவர் பந்தி விசாரித்தால் ஒருவரும் அரை வயிற்றோடு எழுந்ததில்லை. என் தங்கையை ஒரு நாள் கூட முகம் வாட வைத்ததில்லை. ஆனால் கன்சர்டினாவை அவர் 'சுருங்கிப் பெட்டி' என்றுதான் கூப்பிடுவார். இறைச்சிக் கறி சாப்பிட்ட கையோடு பொத்தான்களை அமுக்குவார். ஒரு தடவை பழுத்த பலாப்பழத்தின்மேல் சாய்த்து வைத்திருந்தார், இரண்டையும் பிரிக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. ஆறு வருடத்தில் ஐந்து முறை நான் அதைப் பழுது பார்த்தேன். துருத்தி ஒட்டி, நாக்குகளைத் துடைத்து, ஐந்து முறையும் என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பி வரும்போது கை வெறுமையாக இருக்கும். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு அவருக்குப் புதிய பைத்தியம் பிடித்தது. ஒரு சின்னப் படகு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காத்தோங் கடலில் மீன் பிடிக்கப் போவார். அவருக்கு நீந்தத் தெரியாது, மீன் பிடிக்கவும் தெரியாது. நடுக்கடலில் உட்கார்ந்து கன்சர்டினா வாசிப்பார். மீன் கூடைக்குள் வைத்துத்தான் அதை எடுத்துப் போனார். இரண்டாவது வாரமே ஏழு நாக்குகளில் துரு.

"மச்சான், இதுக்கு ஒரு நல்ல பெட்டி பாத்து எடுங்கோ. இதின்ர அருமை உங்களுக்குத்தானே தெரியும்" என்று அவரே என்னிடம் சொன்னார். ஆகவே பெட்டி வாங்குவது என் யோசனை அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

அந்த மாதம் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அலுவலகம் விட்டதும் பெட்டி தேடுவதுதான் வேலை. நார்த் பிரிட்ஜ் ரோட்டில் அருமையான தோல் பெட்டி ஒன்று பார்த்தேன். ஆனால் மழைக்காலத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், அது வாத்தியத்துக்கும் தாவும். கேலாங்கில் ஒரு சீனத் தச்சர் தேக்கில் செய்து தருகிறேன் என்றார். கையில் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். தண்ணீரில் விழுந்தால் நேராக அடியில்தான் போய் உட்காரும். சிராங்கூன் ரோட்டில் விற்கிற அட்டைப் பெட்டிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனக்குத் தேவைப்பட்டது, கடலில் விழுந்தாலும் மிதந்து, உள்ளே ஒரு சொட்டுப் போகாத பெட்டி. ஏன் கடலில் விழ வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது நான் அதை என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் நூர்தீன் பாயிடம் கிடைத்தது. பட்டாளத்தார் தோட்டா வைத்திருந்த பெட்டி. மூடியைச் சுற்றி ரப்பர் வார், இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டும் கொக்கி.

"மழையில கெடந்தாலும் உள்ள ஈரம் போவாது சார்" என்றார் நூர்தீன் பாய். "தண்ணியில போட்டா மிதக்கும் லா, ஆளையே தாங்கும்!"

"கைப்பிடி மெல்லிய கம்பியா இருக்கே?"

"அதுக்கென்ன? தோல்ல ஒண்ணு தச்சுப் போட்டுத் தாறேன். நாலு விரலும் சொகமா உள்ள போவும்."

சொன்னபடியே போட்டுத் தந்தார். பிடித்தால் விடவே மனம் வராத கைப்பிடி. இலவம் பஞ்சும் பச்சைக் கம்பளித் துணியும் வாங்கி, வாத்தியம் வாசிக்கும் நிலையிலேயே படுத்திருக்கும்படி உள்ளே மெத்தை தைத்தேன். தைக்கும்போது பாடிக்கொண்டே தைத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம்.

பிறகு சோதனை. உள்ளே ஒரு செய்தித்தாளை வைத்துப் பூட்டி, குளியலறைத் தொட்டியில் ஒரு பகல் முழுதும் மிதக்கவிட்டேன். தாள் மொரமொரப்பாகவே இருந்தது. அடுத்து, பத்து ராத்தல் கல்லைக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டேன். அப்போதும் பெட்டி மூழ்கவில்லை. அந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு மனிதனின் கனம் அவ்வளவு கூட இருக்காது. ஆனால் எனக்கிருந்த பெருமையில் அது தோன்றவில்லை.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மச்சான் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இனி எனக்கு நீந்தத் தெரிய வேண்டியதில்லை மச்சான்!" என்று சிரித்தார். சரோஜினியும் சிரித்தாள். பிள்ளைகள் இரண்டும் பெட்டியின்மேல் ஏறிக் குதித்தன. நானும் சிரித்தேன். நல்ல சாயங்காலம் அது.

கப்பல் ஏஜென்சியில் கடல் வற்றுப்பெருக்கு அட்டவணை என் மேசையிலேயே இருக்கும். நீரோட்டம் எந்த ஞாயிறு காலையில் மிக வேகமாக இருக்கும் என்று பார்த்தேன். அந்த ஞாயிறு, நானும் மீன் பிடிக்க வருகிறேன் என்றேன். மச்சானுக்கு ஒரே மகிழ்ச்சி, எனக்காகச் சரோஜினியிடம் சொல்லி இடியப்பம் கட்டிக்கொண்டு வந்தார்.

கரையிலிருந்து அரை மைல் போனதும் அவர் வாசிக்கத் தொடங்கினார். பாதிப் பாட்டிலேயே, அலை தெறிக்கிறது என்று சொல்லி, கன்சர்டினாவை வாங்கித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். இரண்டு கொக்கியையும் பூட்டினேன், இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்து நின்று படகின் ஓர் ஓரத்தில் காலை ஊன்றினேன். சின்னப் படகில் அப்படி நிற்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். கவிழ்ந்தது. நாலைந்து நிமிடத்தில் நீரோட்டம் படகை எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் நன்றாக நீந்துவேன். பெட்டியை நோக்கித் திரும்பினால், மச்சான் எனக்கு முன்பே அதைப் பிடித்துவிட்டிருந்தார். நூர்தீன் பாய் சொன்னது சரிதான், ஆளைத் தாங்கியது. அவருடைய தலை அழகாக நீருக்கு மேல் இருந்தது. பெட்டியில் ஒரே ஒரு குறை என்றால் அந்தக் கைப்பிடிதான். கம்பியாகவே விட்டிருந்தால் ஈரத்தில் வழுக்கியிருக்கும்.

அவர் பயப்படவில்லை. என்னைப் பார்த்ததும் நான்கு விரலில் இரண்டை எடுத்து இடம் விட்டார். "நீங்களும் பிடியுங்கோ மச்சான்" என்றார். "ரெண்டு பேரையும் தாங்கும்."

அவர் சொன்னபடியே பிடித்தேன். பிறகு மற்ற இரண்டு விரலையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் "மச்சான்" என்று இன்னொரு முறை சொன்னார். கோபமாக இல்லை, நான் ஏதோ மறந்துவிட்ட மாதிரி. அது மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடற்கரையில் பலகாரம் விற்கிற நஃபீசா உங்களிடம் சொன்னது பெரும்பாலும் உண்மை. நான் கரையேறி, யாரையும் கூப்பிடாமல் மணலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னதுபோல் நான் பாட்டு வாசிக்கவில்லை. நாற்பத்தெட்டுப் பொத்தானையும் ஒவ்வொன்றாக, இழுப்பில் ஒரு தடவை, அமுக்கில் ஒரு தடவை சரி பார்த்தேன். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே மூன்று மலாய் மீனவர்கள் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் படகும் இருந்தது. சொல்லியிருந்தால் உடனே போயிருப்பார்கள். நான் சரிபார்த்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன். உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை.

சரோஜினியிடம் அழுதுகொண்டுதான் போய்ச் சொன்னேன். உண்மையான அழுகை. பிள்ளைகளுக்கு மாமன் நான் இருக்கிறேன் என்று தைரியம் சொன்னேன். செய்த காரியத்தை அப்போது சொல்லவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் வந்து கேட்டபோது, வாத்தியத்தைப் பத்திரமாக வைத்திருப்பீர்களா என்று கேட்டேன், நீங்கள் ஆம் என்றீர்கள், நான் சொன்னேன். இப்போது எழுதியும் தருகிறேன். பேரின்பநாயகத்தைக் கொன்றது நான்தான்.

இன்று காலை நீங்கள் அனுமதித்து அவள் என்னைப் பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். பிறகு, "அந்தச் சுருங்கிப் பெட்டிக்காகவோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

"அண்ணை, அது என்ர சீதனமெல்லோ? அவரின்ர இல்லை, என்ர சாமான். எனக்கு அதை வாசிக்கவும் தெரியாது. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அண்டைக்கே தூக்கித் தந்திருப்பன். அவரும் சிரிச்சுக்கொண்டு தந்திருப்பார்."

அவள் சொன்னது எங்கள் வழக்கப்படி சரிதான். சீதனம் பெண்ணுக்குரியது. பட்டியல் எழுதிய எனக்கு அது தெரியாமலா? பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். பெண்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும், குடும்பத்தின் பெயரைக் காப்பாற்ற வேண்டியவன் மூத்தவன்தானே. போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மாதம் ஒரு முறை அதை வெளியே எடுத்துக் காற்று வாங்க வையுங்கள், இன்ஸ்பெக்டர். மற்றபடி நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை, மனது லேசாகவே இருக்கிறது. என்னைப் பற்றி இனி யார் எதை வேண்டுமானாலும் பேசட்டும். எங்கள் குடும்பம் கொடுத்த சீதனத்தைத் திருப்பிக் கேட்டது என்று மட்டும் இந்தச் சிங்கப்பூரில் ஒருவரும் சொல்ல முடியாது.