சொன்னதைத்தான் எழுதினேன்

ஆமா சார், இந்த விடைத்தாள்ல இருக்கறது என் கையெழுத்துதான். இருபத்தி மூணாம் கேள்வி. கண்ணாடி எடுத்துட்டு வரல, ஆனா நான் எழுதினது எனக்குத் தெரியாதா. நடுவுல இருக்கற அந்த ஒரு வரியும் நான்தான் எழுதினேன். பரீட்சை எழுத வந்த அந்தப் பொண்ணுக்கு அதுல சம்பந்தமே இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்க என்ன வேணா கேளுங்க.

வேலையா? வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவர் நடந்துக்கிட்டே சொல்லுவாரு, நான் அடிச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு தடவை மனுவுக்கு நடுவுல, டீ ஆறிப்போச்சு பாருன்னாரு. அதையும் அடிச்சுட்டேன். நல்ல வேளை, கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பார்த்துட்டாரு. காது வாங்கும், கை அடிக்கும், நடுவுல மூளைக்கு வேலையே கிடையாது. அதனாலதான் இதுக்கு என்னை எடுத்துக்கிட்டாங்கன்னு நினைக்கிறேன், எழுத வராத பிள்ளைங்களுக்குப் பரீட்சை எழுதிக் குடுக்கறதுக்கு. ஆறு வருஷமா வரேன். சம்பளமெல்லாம் இல்ல, லீவு போட்டுட்டுத்தான் வரேன்.

விதியெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் சார். கேள்வியை ரெண்டு தடவை படிச்சுக் காட்டலாம். விளக்கம் சொல்லக் கூடாது. பிள்ளை என்ன சொல்லுதோ அதை அப்படியே எழுதணும், தப்பாச் சொன்னா தப்பாவே எழுதணும். தலையாட்டக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. கண்டுபிடிச்சுடும் அதுங்க. எழுத்துதான் பிடிபடாதே தவிர, எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியை நல்லாப் படிக்கும். சின்னதுல இருந்து அதைத்தானே படிச்சிருக்குங்க, பாவம்.

இந்தப் பொண்ணா? பதினஞ்சு வயசு. கேள்வித்தாளைப் பார்த்தா எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுதாம். ஒரு வரி படிச்சு முடிக்கறதுக்குள்ள முதல் வார்த்தை என்னன்னு மறந்துடுது. ஆனா காதுல விழுந்தாப் போதும். இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு அந்தக் கேள்வி. மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்தற மோட்டாரை வச்சு சொன்னா பாருங்க. வால்வு ஏன் ஒரு பக்கமா மட்டும் திறக்கணும், திறந்தே கிடந்தா என்ன ஆகும், எல்லாம். என் நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்கே அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அப்பத்தான் மேற்பார்வைக்கு வந்தவர் வாசல்ல வந்து நின்னாரு. இல்ல சார், அவர் யாருன்னு சொல்ல மாட்டேன், அவர் மேல புகார் குடுக்கறதுக்கு நான் வரல. கூட இருந்த இன்னொருத்தர்கிட்ட சொன்னாரு. வாய் கிழியப் பேசுது, எழுத மட்டும் வராதாம், அடியாத மாடு படியாதுன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. அந்த ரூம்ல நாங்க ரெண்டே பேர், தலைக்கு மேல ஒரு ஃபேன், அவ்ளோதான். எல்லாம் கேக்கும்.

பொண்ணு பேச்சை நிறுத்திட்டா. நாலு நிமிஷம். சுவத்துல கடிகாரம் இருந்துச்சு, அதனால சரியாத் தெரியும். பேனாவைத் தாள்ல வச்சபடியே உக்காந்திருந்தேன். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னா, நான் மக்கா ஆன்ட்டின்னு.

எழுதிட்டேன்.

தெரியும் சார். என்கிட்ட கேட்டது, விடைத்தாளுக்குச் சொன்னதில்லன்னு எனக்கும் தெரியும். கேள்விக்குறி கூட ஒழுங்காப் போட்டிருக்கேன் பாருங்க. எழுதிட்டு, அடுத்து சொல்லும்மான்னேன். கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்துட்டிருந்தா. இதயத்தோட வலது அறைன்னு ஆரம்பிச்சா, விட்டுட்டா. வேற கேள்விக்குப் போலாம் ஆன்ட்டின்னா. போயிட்டோம்.

அந்த வரியை அடிச்சிருக்கலாம்தான். ஆனா பிள்ளை அடிக்கச் சொன்னாத்தான் அடிக்கணும். அவ சொல்லல. நானா அடிச்சா அது இன்னொரு தப்பு. நீங்க போட்ட விதிதானே சார்.

திருத்தறவங்களுக்குச் சேதி எழுதின மாதிரி இருந்தா தாளையே ரத்து பண்ணிடுவீங்கன்னு தெரியும். அன்னிக்கு அது தோணல. தாள் போனா அவளுக்கு வருஷம் போச்சு. திரும்ப எழுத வர மாட்டா. படிச்சதெல்லாம் போதும், கடையில வந்து உக்காருன்னு அவங்கப்பா ஒத்தைக் கால்ல நிக்கிறாராம், அவங்கம்மா வெளியில வச்சுச் சொன்னாங்க. என் தப்புன்னு நான் எழுதித் தரேன். எத்தனை காப்பி வேணும்னாலும் தரேன்.

இனிமே என்னைக் கூப்பிட மாட்டீங்களா? சரி சார். தாள் திருத்தப் போகும்ல? தலையாட்டாதீங்க, வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. சரி. இதுக்கு நான் சந்தோஷப்படணும். ஒண்ணும் தோணல, அவ்ளோதான்.

இந்த ஃபாரத்துலயா எழுதணும்? காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. பழக்கதோஷம்னு போடட்டுமா?

என்ன சார்? வாயைத் திறந்து, இல்லம்மான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னன்னா கேக்கறீங்க? விதிப்படி பேசக் கூடாதுன்னு சொல்லிடலாம். ஆனா அந்த இடத்துல யாரும் விதியைப் பார்க்க மாட்டாங்கல்ல.

என் பையன் கேட்டிருக்கான் சார், இதையே. ஒம்பது வயசுல. சமையல் ரூம்ல உக்காந்து ஒரே பக்கத்தை ஏழாவது தடவையா எழுதிட்டிருந்தான். ஏழும் ஏழு தினுசாத் தப்பு. நான் ஆபீஸ்ல இருந்து வந்து செருப்பைக் கூட கழட்டல. நான் மக்காம்மான்னான். ஆமாண்டா, மக்குதான், எழுதுன்னேன். கோபமாக் கூட சொல்லல, சும்மா சொன்னேன். இதுக்கெல்லாம் ஒரு பேர் இருக்கு, பரிசோதனை இருக்கு, எழுத ஆள் தருவாங்க, எதுவும் தெரியாது அப்ப. நான் தெரிஞ்சுக்கும்போது அவன் பள்ளிக்கூடத்தை விட்டே மூணு வருஷம்.

இப்ப இருபத்தஞ்சு வயசு, டயர் கடையில இருக்கான். என்கூட நல்லாத்தான் பேசுவான், கோபமெல்லாம் கிடையாது. ஒரு தடவை பரிசோதனை பண்ணிப் பார்த்துடலாம் வாடான்னா, எதுக்கும்மா, தெரிஞ்சதுதானேன்னுவான். என்ன படிச்சிருக்கன்னு யாராவது கேட்டா சிரிச்சுக்கிட்டே சொல்றான், நான் மக்குங்க, எங்கம்மாவே சொல்லிட்டாங்க.

அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டப்போ, வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கு நம்பிக்கை இல்ல சார். கை எழுதிடுச்சு. பழக்கதோஷம்னே போட்டுடறேன், கட்டம் இத்துனூண்டுதான் இருக்கு.