குரங்கு லாரி மேஸ்திரிக்கு ஒரு பிரியாவிடை மடல்

அண்ணாமலை அடிவாரத்தில் அலுப்பறியாமல் உழைத்த அன்பரே, குப்பை மேட்டையும் கோபுர வீதியையும் ஒரே கண்ணால் பார்த்த கோணாத நெஞ்சரே, கீழ்பென்னாத்தூர் ஈன்ற சுகாதார மேஸ்திரி திரு. ராஜமாணிக்கம் அவர்களே, வணக்கம்.

இதற்கு மேல் தம்மை நேரே விளித்துப் படிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். படித்தால் எழுந்து போய்விடுவாராம். ஆகவே சபையோரே, அவரைப் பற்றி உங்களிடம் சொல்கிறோம்.

கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் சேருமுன், கடைத்தெருக் குரங்குகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி, செங்கத்துக்கு அப்பால் காட்டில் விட்டு வருவது அவர் பொறுப்பு. அடித்தவரில்லை, பட்டினி போட்டவரில்லை. கூண்டின்மேல் ஈரச்சாக்கு போர்த்தி, வழிநெடுக வாழைப்பழம் கொடுத்துக் கொண்டுபோன கருணையாளர். கொல்லாமல் காட்டில் விடுகிறோமே, புண்ணியம் என்று ஊரே மெச்சியது. அதில் நாங்களும் சேர்த்தி.

சென்ற தை மாதம் செங்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், அந்தக் காட்டோரம் பஸ்ஸை விட்டு இறங்கினார். குரங்குகள் காட்டுக்குள் போகவே இல்லை. இறக்கிவிட்ட வளைவிலேயே சாலையோரம் உட்கார்ந்திருந்தன. கிரிவலம் வருவோர் கையிலிருந்து பொரியும் பழமும் வாங்கித் தின்றே வளர்ந்தவை. காட்டில் இரை தேட அவற்றுக்குத் தெரியவில்லை. எலும்பும் தோலுமாக, போகிற வண்டியையெல்லாம் நம் லாரி என்று நினைத்து ஓடிவந்தன. சில சக்கரத்தில் அடிபட்டுப் போயின.

மறுநாள் நகராட்சி அலுவலகத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "காட்டுல வுட்டுட்டோம்னு நாம நெனச்சிகினு இருக்கோம். அதுங்க ரோட்டுலயே குந்திகினு நமக்காகக் காத்துகினு இருக்குதுங்க."

அதன்பின் லீவு கிடைத்தபோதெல்லாம் சென்னைக்குப் போனார். உயிர் காலேஜ் என்று அங்கே சொல்கிற மிருகக்காட்சிசாலையின் வாசலில் நின்று வேலை கேட்டார். இந்த வயதிலா என்றார்கள். சும்மாவே கூண்டு கழுவினார். தாயில்லாக் குட்டிக்குப் பால் புகட்டக் கற்றார். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் இங்கு வாங்குவதைவிடக் கம்மி. ஓய்வுக்கு இன்னும் ஆண்டுகள் இருக்க, தாமாகவே விடைபெறுகிறார்.

"மேஸ்திரி, கூண்டுக்கு வெளிய நிக்கப் போறீங்களா, உள்ள இருக்கப் போறீங்களா?" என்று டிரைவர் அர்ஜுனன் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அங்க அடைச்சி வெச்சாலும் வேளைக்குத் தீனி போடுறாங்கப்பா. நான் வுட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் துணைவியார் உண்ணாமலை அம்மையாரிடம் கேட்டோம். "நெலத்தப் பாத்துகினு கெடப்பாருன்னு நெனச்சேன். சோத்துல கை வெச்சா எழுந்துடுறாருங்க. போவட்டும்" என்றார்.

பொன்னாடை வேண்டாம், மோதிரம் வேண்டாம் என்ற ராஜமாணிக்கம் அவர்கள் எங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த வருசம் லாரி போவக் கூடாது." மேலிடத்தில் கேட்டுப் பார்த்தோம். தீபம் நெருங்குகிறது, உத்தரவை மாற்ற முடியாது என்றார்கள். நாளைக் காலை அவர் சென்னை பஸ் ஏறும் நேரத்தில் லாரியும் செங்கம் சாலையில் புறப்படும். இதை மறைத்து மாலை போட எங்களுக்கு மனம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை அவர் அர்ஜுனனைத் தனியே அழைத்தார். "அந்த வளைவுல ஆரன் அடிக்காதப்பா. மீதி இருக்கிறதுங்க, தீனி வந்துடுச்சின்னு ரோட்டுக்கு ஓடியாந்துடும்" என்றார். அர்ஜுனன் தலையாட்டினான்.

உடல் நோவின்றி, உண்ட சோறு செரித்து, அங்கே அவர் கையால் உண்ணும் உயிர்களின் நிறைவில் அவர் மனம் ஆற, அண்ணாமலையார் அருளட்டும்.

கடைசியாக ஒரு வரியை மட்டும் அவரை நேரே பார்த்துப் படிக்கிறோம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேஸ்திரி அவர்களே, நீங்கள் கேட்டதில் எங்களால் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான்: நாளை அந்த வளைவில் லாரி சத்தமில்லாமல் போகும்.

இங்ஙனம்,
சுகாதாரப் பிரிவு ஊழியர்கள்,
லாரி டிரைவர் அர்ஜுனன் உட்பட.
திருவண்ணாமலை,
சோபகிருது ஆண்டு, ஐப்பசித் திங்கள், 1963.