போகிக் குப்பையில் போன சாவிக் கைப்பிடி

பிள்ளைங்களோட அரையாண்டு மார்க் எல்லாம் கையில வாங்கிட்டீங்க... உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது! பசங்களை அப்புறமா முறைக்கலாம். இப்ப இந்தப் பக்கம் திரும்புங்க... ஒரு கார் சாவி உடைஞ்ச கதையைச் சொல்லிடறேன். சின்னதுதான்.

துறையூர்ல தமயந்தின்னு ஒரு டீச்சர். போலியோவால ரெண்டு காலும் நடக்காது. ஆனா கார் ஓட்டக் கத்துக்கிட்டாங்க! எப்படி? பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாத்தையும் கையாலயே இயக்குற மாதிரி ஒரு பழைய காரை மாத்தி வச்சிருந்தாங்க. பொங்கல் லீவு முடிஞ்ச மறுநாள் பதினோரு மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட். அந்த வண்டியிலதான் ஓட்டிக் காட்டணும், வேற வண்டி உதவாது. அடுத்த திங்கட்கிழமை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு புது ஸ்கூல்ல வேலையில சேரணும்... பஸ்ல ஏற முடியாது. டெஸ்ட் போனா வேலையும் போச்சு!

போகிக்கு முதல் நாள் என்ன ஆச்சு? சாவியோட பிளாஸ்டிக் கைப்பிடி படக்குன்னு உடைஞ்சுது. செகண்ட் ஹேண்ட் வண்டி, இருந்ததே ஒரு சாவிதான். அவங்க வீட்டுக்காரர் குணசீலன் ரொம்ப சுத்தக்காரர். "போகியும் அதுவுமா உடைஞ்சதை வீட்டுல வச்சுக்கிட்டு... இரும்பு இருக்குல்ல, போதும்!" கைப்பிடியைக் குப்பை மூட்டையில போட்டு, நகராட்சி வண்டியில ஏத்திட்டாரு.

டெஸ்ட் அன்னைக்குக் காலையில எட்டு மணி. பொங்கலுக்குக் கடையை மூடியிருந்த சாவி போடுற காஜா பாய் அன்னைக்குத்தான் வந்தாரு, புதுக் கைப்பிடி மாட்டினாரு. கதவு திறந்துச்சு. சாவி திரும்புச்சு. இன்ஜின்? ...ம்ஹூம்!

"ஏம்மா, பழைய கைப்பிடி எங்க?"

"அதான் உடைஞ்சு போச்சே பாய்..."

"அடக் கடவுளே! அதுக்குள்ளதாம்மா சிப் இருக்கு! பொட்டுக்கடலை அளவுதான் இருக்கும். அது இருந்தாதான் இது நம்ம சாவின்னு வண்டிக்குத் தெரியும். புதுசு போட நாலு நாள் ஆகுமே!"

குணசீலனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. தமயந்தி திட்டினாங்களா? "சண்டையைச் சாயங்காலம் வச்சுக்கலாம். முதல்ல குப்பை எங்க போச்சுன்னு பாருங்க"ன்னாங்க. எவ்வளவு பெரிய மனசு பாருங்க! சண்டையை ரத்து பண்ணல... தள்ளிதான் வச்சாங்க!

ஓடினாரு மனுஷன். குப்பைக் கிடங்குல தூய்மைப் பணியாளர் அஞ்சலை நின்னாங்க.

"அம்மா... போகிக் குப்பையை எல்லாம் எரிச்சிட்டீங்களா?"

"பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு சார். அந்தா, பன்னெண்டு மூட்டை. உங்க தெரு மூட்டை எதுன்னு எனக்கும் தெரியாது, நீங்களே கொட்டிப் பாருங்க."

கொட்டினாரு. சீப்பு, சோப்பு டப்பா, கையில்லாத பொம்மை... மணி ஒன்பதரை. ஒன்பதாவது மூட்டையில, ஒட்டடைக் குச்சிக்கு அடியில, கறுப்பா... அதே கைப்பிடி! அங்கேயே உக்காந்து அழுதுட்டாராம். அஞ்சலை பயந்து போய், "என்ன சார், தங்கமா?"ன்னு கேட்டாங்களாம்!

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பாய் அதை பிளேடால கீறினாரு. சிப் பத்திரமா இருந்துச்சு. எடுத்துப் புதுக் கைப்பிடிக்குள்ள வச்சாரு. தமயந்தி சாவியைத் திருப்பினாங்க... டுர்ர்ர்ருன்னு ஒரே பிடியில இன்ஜின் கிளம்புச்சு! அப்பாடா! பதினொன்றரைக்கு டெஸ்ட் பாஸ். திங்கட்கிழமை தானே வண்டி ஓட்டிப் போய் வேலையில சேர்ந்துட்டாங்க.

இப்ப சொல்லுங்க... அன்னைக்கு உடைஞ்சது எது? கைப்பிடி. உள்ள இருந்தது உடைஞ்சுதா? இல்லையே!

உங்க பையன் கணக்குல பதினெட்டு வாங்கியிருக்கான். உங்க பொண்ணு இங்கிலீஷ்ல பெயிலாயிட்டா. சரி, உடைஞ்சுதான் போச்சு... நான் இல்லேங்கல. ஆனா உடைஞ்சது மார்க்தான், பிள்ளை இல்ல! "நீ எதுக்கும் லாயக்கில்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்றீங்க பாருங்க... அப்பவே பிள்ளையை மூட்டை கட்டி வண்டியில ஏத்திடறீங்க. எல்லா மூட்டையும் ஒன்பதரை மணிக்குத் திரும்பக் கிடைக்காதுங்க.

அதோ, உங்க பிள்ளைங்க வராந்தாவுல நிக்குறாங்க... உள்ள வரப் பயந்துக்கிட்டு. நான் பேசினது போதும். எழுந்து போய் முதல்ல, "சாப்பிட்டியாப்பா?"ன்னு கேளுங்க.